விரவலும் பரவலும்: ஒரு கலைச்சொல்லின் நிறைகுறை

திருத்தணி மலையின் 365 படிகளில் ஏறுகிறவர்களைக் கற்பூரமும் ஊதுவத்தியும் சந்தனமும் மணத்தாலேயே வரவேற்கின்றன. அந்த மணம் மூக்கை எப்படி எட்டுகிறது என்று ஒரு பள்ளி மாணவரைக் கேட்டால், ‘பரவல்’ என்று சட்டென விடை வரும். வகுப்பறைகள் காலங்காலமாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டு அது. அதில் பாதிதான் சரி. மீதிப் பிழையில், கலைச்சொற்களை நாம் கையாளும் முறைக்கும் பங்குண்டு.

மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. அந்த அசைவினாலேயே ஒரு பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்கிறது. இதற்கான விதியை 1855-இல் அடால்ஃப் ஃபிக் வகுத்தார். மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவோடு அதை 1905-இல் ஐன்ஸ்டைன் இணைத்தார். இதில் தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அசையாத காற்றில் மண மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் கடக்கச் சில நொடிகள் போதும். ஒரு மீட்டர் கடக்கப் பல மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் மலைப்படியில் நம்மை எட்டும் மணத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்றோட்டமே. ‘பரவல்’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மூலக்கூறு அசைவால் நிகழும் நகர்வைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘விரவல்’ மிக நல்ல சொல். இரு திணைக்கும் பொதுவான பெயர்களை விரவுப்பெயர் என்பது நம் இலக்கண மரபு. ஒன்றோடொன்று கலந்து நிற்பது என்ற பொருள் அந்த வேரிலேயே இருக்கிறது. ‘சவ்வூடு பரவல்’ என்பதும், ஒரு சவ்வின் வழியே நடப்பது என்பதைக் கேட்டவுடன் உணர்த்திவிடுகிறது. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்யும் சுமையை இத்தகைய சொற்கள் குறைக்கின்றன. இது சிறிய சாதனை அல்ல.

குறை சொற்களில் இல்லை, ஒழுங்கில்தான் இருக்கிறது. ஒரே நிகழ்வு பாடத்துக்குப் பாடம் விரவல், பரவல், ஊடுபரவல் என மாறுகிறது. ‘பரவல்’ புள்ளியியலில் நிகழ்தகவுப் பரவலாகவும், செய்தித்தாளில் தொற்றுப் பரவலாகவும் வருகிறது. நாம் சவ்வூடு பரவல் என்பதை இலங்கைப் பாடநூல்கள் பிரசாரணம் என்றன. வேதியியலில் படித்ததைத்தான் உயிரியலிலும் படிக்கிறோம் என்பதே மாணவருக்குப் புலப்படாமல் போகிறது.

‘சவ்வூடு பரவல்’ என்ற சொல்லிலும் ஓர் இடைவெளி உண்டு. சவ்வைக் கடப்பது எது என்று அது சொல்வதில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பக்கத்துக்கு நன்கு பழக்கமான ஆவக்காய் ஜாடியைப் பாருங்கள். மாங்காய்த் துண்டுகளை உப்பு, மிளகாய்த் தூள், கடுகுத் தூள், நல்லெண்ணெயோடு பிசறி வைத்து, மூன்றாம் நாள் கிளறும்போது துண்டுகள் சுருங்கியிருக்கும். அடியில் நீர் விட்டிருக்கும். உப்பின் செறிவால் மாங்காயின் செல்களிலிருந்து சவ்வைக் கடந்து வெளியேறிய நீர் அது. நீரிழந்த செல்கள் மடிந்து, சவ்வு தன் கட்டுப்பாட்டை இழந்ததும், உப்பு துண்டின் உட்பகுதிவரை விரவுகிறது. முன்னது சவ்வூடு பரவல், பின்னது விரவல். வீட்டில் இரண்டையும் சேர்த்து ‘ஊறுதல்’ என்கிறோம். சமையலுக்கு அது போதும். அறிவியலுக்குப் போதாது.

‘விரவல்’ பேச்சு வழக்கில் இல்லை, பிள்ளைகளுக்குக் கடினம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பேச்சில் புழங்காதது இங்கே நன்மையே: வேறு பொருள் எதுவும் ஒட்டாத சொல்லை ஒரு கருத்துக்கு மட்டுமே உரியதாக்க முடியும். ‘ஒளிச்சேர்க்கை’யும் ஒரு காலத்தில் புதுச் சொல்தான்; இன்று அதற்கு யாரும் தயங்குவதில்லை.

ஆகவே மூலக்கூறு அசைவால் நிகழும் கலப்புக்கு ‘விரவல்’ என்ற ஒரே சொல்லை எல்லாப் பாடங்களிலும் நிலைநிறுத்துவதே சரி. ‘பரவல்’ பொதுவழக்கிலும் புள்ளியியலிலும் இருக்கட்டும். பாடநூல் எழுதுவோர் ஊதுவத்தி எடுத்துக்காட்டோடு காற்றோட்டத்தின் பங்கையும் சேர்த்து எழுத வேண்டும். ஆசிரியர்கள் ஒரு கண்ணாடித் தம்ளர் நீரின் அடியில் சர்க்கரையை இட்டு, கலக்காமல் ஒரு நாள் விட்டுவைக்கட்டும். மறுநாளும் மேல்நீர் அடிநீரைவிட இனிப்புக் குறைந்தே இருக்கும். விரவல் எவ்வளவு மெதுவானது என்பதை வகுப்பு அன்றே புரிந்துகொள்ளும்.