கைக்கு அடங்கிய மவுஸ்

மாப்பிள்ளையூரணி உப்புக்காற்று இரும்பையே விடாது, மவுஸை விடுமா? ஒரு தடவை தட்டினால் கணினி இரண்டாக எடுத்துக்கொள்கிறதா? பட்டனுக்கு அடியில் உள்ள குட்டி சுவிட்சின் தகடு தேய்ந்தோ களிம்பேறியோ துள்ளுகிறது. மவுஸையே மாற்றிவிடுங்கள்.

டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்து, 1964இல் பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. ஒரே பட்டன், அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள். இன்றைய மினுக்கு விளக்குகளைவிட எனக்கு அதுதான் அழகு.

புது மவுஸ் வாங்கும்போது, கடையிலேயே அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது, சுண்டுவிரல் மேசையில் இழுபடக் கூடாது. மேலே விரலால் உருட்டும் சக்கரம் வழுக்காமல் பல் பல்லாக நின்று நகர வேண்டும். நாள் முழுக்க பில் போடுகிறவருக்கு வயர் உள்ளதே மேல். பேட்டரி தீர்ந்து வரிசை நிற்காது. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், வாரண்டிக்கு வேண்டும்.