காதுக்கு எட்டும் கணக்கு

கணிதத்தை அசைபடமாக்குபவர்கள் பலர் ஒலியைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அடியில் மெல்லிய பியானோ ஒன்று ஓடும். அதை எடுத்துவிட்டாலும் கணிதத்துக்கு ஒரு குறையும் வராது.

டிமோ பிங்மான் 2013இல் வெளியிட்ட, ஆறு நிமிடத்தில் 15 வரிசையாக்க முறைகளைக் காட்டும் காணொளி அப்படியல்ல. கலைந்து கிடக்கும் கோடுகள் உயர வாரியாக அடுக்கப்படுகின்றன. ஒப்பிடப்படும் கோட்டின் உயரம்தான் சுருதி. முதல் தடவை கேட்டபோது, ‘என்னய்யா இது, பழைய வீடியோ கேம் மாதிரி இரைச்சல்’ என்றுதான் தோன்றியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மெர்ஜ் சார்ட்டில் சின்னச் சின்ன ஏற்றங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீள்கின்றன. கடைசியில் வரும் போகோ சார்ட் சும்மா கலைத்துக் கலைத்துப் போடுகிறது. அதன் ஓசையும் எங்கும் போய்ச் சேருவதில்லை.

ஒரு குறை உண்டு. கோடுகளின் எண்ணிக்கையும் ஓட்டத்தின் வேகமும் முறைக்கு முறை மாற்றப்பட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் மந்தமான முறைகளை உட்கார்ந்து பார்க்க முடியாது, சரிதான். ஆனால் காது வேகத்தை அப்படியே நம்பிவிடும். விறுவிறுவென ஒலிப்பது விரைவான முறை என்று நினைத்து நானும் ஏமாந்தேன். இந்த ஒலி ஒழுங்கைச் சொல்கிறது, காலத்தைச் சொல்லவில்லை.

ஆனாலும் இதன் பக்கம்தான் நான். அடுக்கி முடிந்ததும் கோடுகள் ஒரு முனையிலிருந்து சரிபார்க்கப்படுகின்றன. சுருதி தொடர்ந்து மேலேறுகிறது. ஒரு கோடு இடம் மாறியிருந்தால் அந்த ஏற்றம் இடறும். பிழை காதில் விழ வேண்டும். பியானோவில் அது விழாது.