பிறர் கேட்கச் சிரித்தல்

சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் நான்கு விடைகள் கூறினார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரை வகுத்த சான்றோர் அத்துடன் அமையவில்லை. இந்நான்கும் தன்னிடத்தே தோன்றுவனவும் உண்டு, பிறரிடத்தே தோன்றுவனவும் உண்டு. எனவே நகை எட்டு வகைப்படும் என்று விரித்துரைத்தனர். தன் பேதைமையை எண்ணித் தானே நகுவது ஒன்று. அயலான் பேதைமையைக் கண்டு நகுவது வேறொன்று. இரண்டிலும் உதடு விரிவது ஒன்றுபோலத்தான். உள்ளம் நிற்கும் இடம் ஒன்றல்ல.

அரபு மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. அன்போடு கூடிய வேடிக்கைப் பேச்சை 'மிஸாஹ்' என்பர். பிறரைத் தாழ்த்தும் ஏளனத்தை 'ஸுக்ரிய்யா' என்பர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் வெளிப்படையாகத் தடுக்கிறது. வேடிக்கைப் பேச்சையோ அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் வாழ்வில் கொண்டிருந்தார்கள். ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் பிள்ளையைத் தருவதாக அவர்கள் சொல்ல, பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அம்மனிதர் திகைக்க, எந்த ஒட்டகந்தான் ஒட்டகத்தின் பிள்ளை அல்ல என்று விளக்கினார்கள். அதில் பொய்யில்லை, எவர் மனமும் புண்படவில்லை, கேட்டவரும் உடன் சிரித்திருப்பார்.

இவ்விரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. கனடா நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி., 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஒரு புதிய நகைச்சுவைத் தொடரைத் தொடங்கிற்று. 'லிட்டில் மாஸ்க் ஆன் த ப்ரெய்ரி' என்பது அதன் பெயர்; 'புல்வெளியில் ஒரு சின்னப் பள்ளிவாசல்' என்று தமிழில் சொல்லலாம். வெள்ளையர் குடியேற்ற வாழ்வைச் சொல்லும் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' என்ற பழைய அமெரிக்க நாவலின் பெயரை எடுத்து, அந்த வீடு இருந்த இடத்தில் பள்ளிவாசலை வைத்த குறும்பு அது. ஆக்கியவர் ஸர்க்கா நவாஸ் என்னும் முஸ்லிம் பெண்மணி. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து, டொராண்டோவில் வளர்ந்து, சஸ்காச்சுவன் மாகாணத்தின் ரெஜைனா நகரில் இல்லறம் நடத்துபவர்.

கதை எளியது. மெர்சி என்னும் கற்பனைச் சிற்றூரில் ஒரு கைப்பிடியளவு முஸ்லிம்கள். லெபனானிலிருந்து வந்த கட்டட ஒப்பந்தக்காரர் யாஸிர். இஸ்லாத்தைத் தழுவிய வெள்ளையரான அவர் துணைவி ஸாரா. ஹிஜாபும் அணிந்து பெண்ணுரிமையும் பேசும் மருத்துவ மகள் ரய்யான். உணவகம் நடத்தும் நைஜீரியப் பெண்மணி ஃபாத்திமா. எதிலும் கண்டிப்பான பேராசிரியர் பாபர். கிறித்தவ தேவாலயத்திற்குரிய கூடத்தை, தொழிலுக்கு என்று சொல்லி யாஸிர் வாடகைக்கு எடுக்கிறார், அதுவே பள்ளிவாசலாகிறது. குனிந்து நிமிர்ந்து தொழுவோரைக் கண்ட ஊரான் ஒருவன் பயங்கரவாதிகள் என்று தொலைபேசியில் புகார் செய்கிறான். இமாமாக வரும் அமார் என்ற இளைஞரோ டொராண்டோவில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவர். தொழிலை விடுவது தற்கொலைக்குச் சமம் என்று தந்தை எண்ணுவதையும், இது அல்லாஹ்வின் நாட்டம் என்பதையும் விமான நிலையத்தில் தாயாரிடம் தொலைபேசியில் அவர் பேச, பின்னால் நின்ற பெண் செவியுற்று நடுங்க, காவலர் வந்து அவரை அழைத்துப் போகின்றனர்.

இங்கே நகை எங்கிருந்து பிறக்கிறது? தொல்காப்பியர் வழியில் சொன்னால், பேதைமையிலிருந்து. ஊரார் முஸ்லிம்களை அறியார், அறியாமை அச்சமாகிறது, அச்சம் வெறுங்காற்றோடு போராடி விழுகிறது. பாபரின் பேதைமை வேறு வகை. அவர் உலகத்தின் ஒவ்வோர் அசைவிலும் மார்க்கத்திற்கு எதிரான சூழ்ச்சியைத் தேடுபவர். இரு பேதைமைகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதே இத்தொடரின் அமைப்பு.

முதல் நாள் பார்த்தவர் 21 லட்சம் என்று கணக்கிட்டனர். 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி கனடாவின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 5,80,000 பேர், நூற்றுக்கு இருவர். ஆகவே அன்றிரவு பார்த்தோரில் பெரும்பாலோர் முஸ்லிம் அல்லாதார் என்பது சொல்லாமலே விளங்கும். இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அதன்பின் எழுந்த கருத்து வேற்றுமைகள் புரியும்.

பார்த்தவர்கள் பல கூறாகப் பிரிந்தனர். மகிழ்ந்தவர்கள் ஒரு சாரார். செய்தியில் கைவிலங்கோடும், திரைப்படத்தில் துப்பாக்கியோடும் மட்டுமே தம்மைக் கண்டு சலித்த முஸ்லிம் குடும்பத்தார், சம்பந்தி வீட்டாரைப் பற்றிக் கவலைப்படும் முஸ்லிமையும், மகளோடு வழக்காடித் தோற்கும் முஸ்லிமையும் முதன்முறை கண்டனர். வருந்தியவர்கள் மற்றொரு சாரார். இறையில்லம் கேலிக்குக் களமாவதா, தொழுகை வரிசை நகைப்புக்குரிய காட்சியாவதா என்று அவர்கள் கேட்டனர். மூன்றாம் சாரார், தாரிக் ஃபத்தாஹ் போன்ற மதச்சார்பின்மை பேசிய முஸ்லிம்கள். பள்ளிவாசலைச் சுற்றியே எல்லா முஸ்லிமும் வாழ்வதாகக் காட்டுகிறார்கள், பள்ளிவாசலுக்கு வெளியே நிற்கும் எங்களுக்கு இதில் இடமில்லை என்பது அவர்கள் குறை. முஸ்லிம் அல்லாதாரிலும் ஒற்றுமையில்லை. சமவெளிப் பகுதி மக்களை அறிவிலிகளாகக் காட்டிவிட்டனர் என்றனர் சிலர். உண்மைச் சிக்கல்களுக்குச் சர்க்கரை பூசுகின்றனர் என்றனர் சிலர். இவற்றுள் எதிலும் சேராத விமர்சகர்கள், இதில் நகைச்சுவை போதாது என்று மட்டும் சொல்லி அமைந்தனர்.

இத்தனை குரல்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தோன்றுகிறது. வருந்திய பக்தரும், வெகுண்ட மதச்சார்பற்றவரும் எதிரெதிர்த் துருவத்தினர். எனினும் இருவரும் கேட்டது ஒன்றே: எங்களுக்காகச் சாட்சி சொல்! நாடக மேடையை நீதிமன்றமாகவும், விகடகவியை வக்கீலாகவும் கொண்டுவிட்டனர். காலமும் அத்தகையது. 2006 ஜூனில் டொராண்டோ வட்டாரத்தில் பயங்கரவாதக் குற்றச்சாட்டின் பேரில் முஸ்லிம் இளைஞர் பலர் கைதாகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. தொடர் தொடங்கிய அதே ஜனவரி மாதத்தில், கியூபெக் மாகாணத்தில் குடியேறியோர் அரிதாகவே வாழ்ந்த எரூவில் என்னும் சிற்றூரின் மன்றம், எங்கள் ஊரில் பெண்களைக் கல்லால் எறிந்து கொல்லுதல் ஆகாது என்று வருவோர்க்கு நடத்தை விதி எழுதி வெளியிட்டது. மெர்சியின் கற்பனைப் பேதைமை இதன் முன் எம்மாத்திரம்! அப்படியொரு காலத்தில் முஸ்லிம்களைப் பற்றி நாடறிந்த ஒரே ஒரு நகைச்சுவைத் தொடர் இருந்தால், எல்லாருடைய பாரமும் அதன் தலையில் ஏறாமல் என் செய்யும்?

வருந்தியோரின் கேள்வியை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. வீட்டுக்குள் தந்தையின் முன்கோபத்தைச் சொல்லிப் பிள்ளைகள் சிரிப்பர். தந்தையும் சேர்ந்து சிரிப்பார். அதே பேச்சைத் தெருவில் நிற்பவன் கேட்டுச் சிரித்தால் அந்த வீட்டார் முகம் சுருங்கும். சொல் மாறவில்லை; கேட்பவன் மாறினான். தன்கண் தோன்றிய நகை பிறன்கண் தோன்றிய நகையாகிவிட்டது. ஸர்க்கா நவாஸ் தம் வீட்டுச் சிரிப்பை 21 லட்சம் பேர் கேட்கச் சிரித்தார். அவர்களில் எத்தனை பேர் உடன் சிரித்தனர், எத்தனை பேர் பார்த்துச் சிரித்தனர் என்பதை எவர் எண்ணிச் சொல்ல முடியும்?

ஆயினும் கேட்பவனின் உள்ளத்திற்கு ஆசிரியரைப் பொறுப்பாக்குவது நீதியாகாது. சொல்பவர் எதனை இலக்காக்கினார் என்பதே நாம் அளக்கக் கூடியது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், கஞ்சர்களைப் பற்றி 'கிதாபுல் புகலா' என்னும் நூலை இயற்றினார். அதில் கேலிக்குள்ளாவோர் அந்நியர் மட்டுமல்லர். அவர்தம் சொந்த ஊரினரும், அவர் அறிந்த அறிஞருங்கூட அதில் உண்டு. சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் இறைவனே என்ற திருமறைக் கருத்தைச் சுட்டி, நூலின் முகப்பிலேயே சிரிப்புக்காக வாதாடினார். கஞ்சத்தனத்தை நகைத்தாரேயன்றி, அக்கஞ்சர்கள் தொழுத தொழுகையை நகைக்கவில்லை. மனிதனின் குறை வேறு, அவன் வணங்கும் மார்க்கம் வேறு என்ற கோடு அங்கே அழியவில்லை.

புல்வெளிப் பள்ளிவாசலும் பெரும்பாலும் அக்கோட்டுக்கு இப்பாலேயே நிற்கிறது. தொழுகை நகைப்புக்குரியதாவதில்லை, தொழுவோரை ஒளிந்து பார்த்தவனின் மிரட்சியே நகைப்புக்குரியதாகிறது. பாபரும் வில்லனாக்கப்படவில்லை, மகள் லைலாவின் முன் தடுமாறும் பாசமுள்ள தந்தை அவர். எனவே ஏளனம் என்ற குற்றச்சாட்டு இத்தொடரின்மேல் நிலைபெறாது என்பது என் துணிபு.

ஆனால் குறையில்லை என்று கூறேன். இரண்டாம் பகுதியில் ஒரு வழக்கு எழுகிறது: பள்ளிவாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வேண்டுமென்கிறார் பாபர், கூடாதென்கிறார் ரய்யான். பாதித் தூரத்திற்குத் தடுப்பு வைத்து, விரும்பிய பெண்கள் அதன் பின்னும், விரும்பாதோர் வெளியிலும் தொழலாம் என்று இமாம் முடிக்கிறார். நவாஸ் இப்பொருளை விளையாட்டாக எடுத்தவரல்லர். பள்ளிவாசலில் பெண்களின் இடத்தைப் பற்றி 2005ஆம் ஆண்டிலேயே 'மீ அண்ட் த மாஸ்க்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர். நாடகமாகப் பார்த்தால் அந்த முடிவு சாதுரியமானது. மதரஸாவில் ஓதியவன் கண்ணுக்கோ ஒன்று குறைகிறது. மதீனத்துப் பள்ளியில் பெண்கள் ஆண்களுக்குப் பின்வரிசையில் திரையின்றித் தொழுததும், பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்க வேண்டாமென்ற நபிமொழியும், காலம் மாறியதைக் கருதி ஃபிக்ஹு அறிஞர்கள் பின்னாளில் இட்ட கட்டுப்பாடுகளும், அவற்றை மறுத்தோர் எடுத்து வைத்த சான்றுகளுமாக அது பல நூற்றாண்டு வாதம். நம் ஊர்களிலும் கேட்கப்படும் கேள்விதான். அந்த வாதத்தின் கனம் அந்தக் கூடத்தில் இறங்கவில்லை. அரை மணி நேரத்திற்குள் எல்லாரையும் சமாதானப்படுத்தும் இனிமை, அறிவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதன் விளைவாக, கண்டிப்பு என்றாலே சிரிப்புக்குரியது, நெகிழ்வு என்றாலே நன்மை என்ற எளிய சூத்திரம் அடிக்கடி தலைகாட்டுகிறது. பாபர் வாரந்தோறும் தோற்கிறார். கற்றுணர்ந்த காரணத்தால் கண்டிப்பாயிருக்கும் ஒருவர், வாதத்தில் ஒரு முறையேனும் வென்றிருந்தால் நாடகமும் வலுப்பெற்றிருக்கும். வருந்தியோரின் வருத்தமும் பாதி குறைந்திருக்கும். இத்தொடரைப் பற்றி முஸ்லிம் விமர்சகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே. ஏன் சிரித்தீர்கள் என்பதைவிட, ஏன் இன்னும் ஆழத்திலிருந்து சிரிக்கவில்லை என்று கேட்டிருக்கலாம்.

கனடாவின் சமவெளியில் முஸ்லிம்கள் நேற்று முளைத்தவரல்லர். அல்பெர்ட்டா மாகாணத்து எட்மன்டன் நகரில் 1938ஆம் ஆண்டிலேயே அல்ரஷீத் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. அதுவே அந்நாட்டின் முதற்பள்ளி. திருமறையை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்கள் அதன் திறப்பு விழாவில் பேசினார்கள். லெபனான், சிரியா நாடுகளிலிருந்து வந்த வணிகக் குடும்பங்கள் கட்டிய அப்பள்ளிக்குப் பிற சமயத்தாரும் பொருளுதவி செய்தனர். மெர்சியூரின் கூடம் கற்பனையானாலும் அதற்கு வேர் உண்டு என்பதற்காக இதைக் குறித்தேன். அந்த வேரைத் தொடர் இன்னும் தோண்டியிருக்கலாம்.

ஆறு பருவங்களில் 91 பகுதிகள் வெளிவந்து, 2012 ஏப்ரலில் தொடர் நிறைவெய்திற்று. முதல் ஆண்டின் வாதங்கள் மெல்ல ஓய்ந்து, அது மற்றத் தொடர்களில் ஒன்றாயிற்று. அதன் உண்மையான வெற்றி அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. சிரிப்பு பகையை மாய்த்துவிடும் என்று நம்பியோர்க்கு மட்டும் பின்னாள் வரலாறு துயரமான விடை தந்தது. 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வந்த அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2021 ஜூனில் ஒன்டாரியோவின் லண்டன் நகரில், மாலையில் நடந்து சென்ற ஒரே குடும்பத்தினர் நால்வர் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். துப்பாக்கியைத் தடுப்பது நாடகத்தின் வேலையன்று. அந்தப் பொறுப்பைச் சுமத்திப் பின்னர் அதனைப் பழிப்பதும் முறையன்று.

ஒரு தொடர் ஒரு சமுதாயத்திற்காகப் பேச முடியாது. பல தொடர்கள், பல கதைகள், பல ஆசிரியர்கள் இருந்தால் எதுவும் அப்படிப் பேச வேண்டியதில்லை. பக்தரின் நகைச்சுவையும் வரட்டும். கற்ற ஆலிமின் நகைச்சுவையும் வரட்டும். பள்ளிவாசலுக்கு வெளியே நிற்பவரும் தம் கதையைத் தாமே எழுதட்டும். ஸர்க்கா நவாஸின் தொடரில் குறை கண்ட ஒவ்வொரு சாராரும், அக்குறையைத் தீர்க்கத் தாமே ஒரு கதை எழுதியிருந்தால் அந்த வாதத்திற்குப் பயன் விளைந்திருக்கும். அண்ணலாரின் வேடிக்கைப் பேச்சில் பொய்யில்லை, புண்ணில்லை. எழுத வருவோர் அவ்விரண்டையும் பற்றிக்கொண்டால், அயலார் கேட்கச் சிரிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.