கார்டியாலஜிக்கு எந்தக் காலேஜ்?

நீட் முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கும் வாரங்களில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: "பையனுக்குக் கார்டியாலஜிதான் ஆசை. அதுக்கு எந்தக் காலேஜ் நல்லாயிருக்கும்?" பிளஸ் டூ முடித்த பிள்ளை இதயநோய் நிபுணராக எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று என்று கடக்க வேண்டும். நடுவே இரண்டு நுழைவுத் தேர்வுகள். அத்தனை தொலைவில் இருக்கும் ஒரு துறைக்காக இன்று கல்லூரியைத் தேர்வது எந்த அளவுக்குச் சரி?

இந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சில துறைகள் சில இடங்களில்தான் வேரூன்றி வளர்ந்திருக்கின்றன. கை அறுவைசிகிச்சைக்கு ஸ்டான்லி நாடறிந்த பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த எழும்பூர் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. பக்கத்திலேயே இருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தமிழகம் முழுவதிலிருந்தும் சிக்கலான நோயாளிகள் அனுப்பப்படுகிறார்கள். அங்கே போஸ்டிங் போகும் மாணவர், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் இருக்கும் நோயைக் கண்ணெதிரே காண்பார். வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தொழுநோயால் முடங்கிய கைகளைப் பால் பிராண்ட் அங்கேதான் சீரமைத்தார். இப்படிப்பட்ட ஆசிரியர்களின் அருகில் இருப்பதே ஒரு மாணவரின் போக்கை மாற்றிவிடும்.

ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவரின் நாட்கள் பெரும்பாலும் பொது மருத்துவம், பொது அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம் ஆகிய வார்டுகளில்தான் கழிகின்றன. கேத் லேபை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பேர்பெற்ற யூனிட்டில் பேராசிரியருக்கும் இளநிலை மாணவருக்கும் நடுவே பி.ஜி. மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஹவுஸ் சர்ஜனுக்கு மிஞ்சுவது ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதும் ரிப்போர்ட் வாங்கி வருவதும். பி.ஜி. குறைவாக உள்ள மாவட்டக் கல்லூரியில் அதே ஹவுஸ் சர்ஜன் பிரசவம் பார்க்கிறார், கேஷுவாலிட்டியில் தையல் போடுகிறார். அங்கேயும் குறை உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை இருக்கலாம். சிக்கலான நோயாளி பெரிய ஊருக்கு ரெஃபர் ஆகிவிடுவார். ஆனாலும் இளநிலையில் கை பழகுவதே பெரிது என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமானது தேர்வு. நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், 800 மதிப்பெண். நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று அந்தத் தாள் கேட்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் ஆய்வுக் கட்டுரையும் சொந்தக் கல்லூரியில் அந்தத் துறை இருப்பதும் எடைபோடப்படுகின்றன. 2022 ஜனவரியில் அந்நாட்டு மருத்துவ உரிமத் தேர்வின் முதல்கட்டம் வெறும் தேர்ச்சி, தோல்வி என்றான பிறகு அவற்றின் எடை கூடியிருக்கிறது. துறையைப் பார்த்துக் கல்லூரி தேடும் வழக்கத்துக்கு அங்கே காரணம் இருக்கிறது. இங்கே அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர், எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், தமிழகத்தின் பணி மருத்துவர் ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்குப் போட்டியிட முடியும்.

ஆகவே மாவட்ட அரசுக் கல்லூரியில் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, இதயப் பிரிவு பளபளப்பாக இருக்கிறது என்று கடன் வாங்கிச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடன் பிள்ளையின் தோளில் ஏறும். பிறகு துறையைத் தேர்வது ஆசையா, தவணையா?

சீக்கிரமே துறையை முடிவுசெய்வதில் இன்னொரு சேதமும் உண்டு. முதலாண்டிலேயே "நான் கார்டியாலஜி" என்று தீர்மானித்த மாணவருக்கு மற்ற போஸ்டிங்குகள் இடைஞ்சலாகத் தெரியும். வார்டை விட்டுவிட்டு விடுதி அறையில் கோச்சிங் வீடியோ பார்ப்பார். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்ணுக்கு அந்த நோய் பல வேளை கர்ப்ப காலத்தில்தான் வெளிப்படுகிறது. உடலில் ரத்தத்தின் அளவு கூடும்போது சுருங்கிய வால்வு தாங்காது, மூச்சு வாங்கும். மகப்பேறு வார்டில் அந்த மூச்சிரைப்பைக் கவனித்தறியாதவர் எப்படி நல்ல இதய மருத்துவர் ஆவார்? போதாததற்கு, பதினேழு வயது ஆசை பெரும்பாலும் மாறும். இறுதியாண்டில் மனநலத்திலோ நோய்க்குறியியலிலோ மனம் ஒன்றிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

கல்லூரியை ஒப்பிடத்தான் வேண்டும். மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கிறதா, புறநோயாளிகள் உண்மையிலேயே வருகிறார்களா, இரவு கேஷுவாலிட்டியில் யார் நோயாளியைத் தொடுகிறார்கள் என்பதை அங்கே இப்போது வேலை பார்க்கும் ஹவுஸ் சர்ஜனிடம் கேளுங்கள். வேலூரில் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துச் சமூக மருத்துவம் கற்பிக்கிறார்கள். அதை விரும்பி அங்கே போகிறவரின் தேர்வை நான் மதிக்கிறேன்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கைக் கலைக்கக்கூடும். பி.ஜி. இடங்களில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்களுக்கு நியாயமான அளவில் முன்னுரிமை தரலாம் என்றது. எய்ம்ஸில் அத்தகைய முன்னுரிமை ஏற்கெனவே உண்டு. மாநிலங்களும் அந்த வழியில் போனால், பி.ஜி. துறைகள் இன்னும் வளராத புதிய மாவட்டக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள், சேர்ந்த அன்றே பின்தங்கிவிடுவார்கள். 2022 ஜனவரியில் மட்டும் தமிழகத்தில் பதினொரு புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. அங்கே பி.ஜி. துறைகளை வேகமாக வளர்ப்பது அரசின் கையில் இருக்கிறது.