யாழ்ப்பாணத்து ஊடகவியலாளரும் பட்டப்பின் கல்வியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இதழியல் மரபு, அமெரிக்க மிஷனரிமார் 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடத் தொடங்கிய உதயதாரகையிலிருந்து எண்ணப்படுவது. அந்நெடிய மரபில் செய்தியாளர்களை உருவாக்கிய இடம் பெரும்பாலும் பத்திரிகை அலுவலகமே அன்றிப் பல்கலைக்கழகம் அன்று. இன்றோ ஊடகக் கற்கைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பாடநெறியாகிவிட்ட நிலையில், வெளிநாடொன்றில் இதழியல் முதுமாணிப் பட்டம் பெற்றால் சர்வதேசச் செய்தி நிறுவனமொன்றில் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இளம் பட்டதாரிகளிடையே வலுத்து வருகிறது. அந்நம்பிக்கையில் மெய்யும் மிகையும் கலந்திருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது.

இதழியலில் பட்டப்பின் கல்வி என்பது, வேறொரு துறையிலோ ஊடகத்துறையிலோ முதற்பட்டம் பெற்றவருக்குச் செய்தித்தொழிலின் நுட்பங்களையும் அறநெறிகளையும் செறிவாகப் பயிற்றும், பெரும்பாலும் ஓராண்டு நீடிக்கும் கற்கையாகும். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகை அதிபர் புலிட்சரின் கொடையால் 1912இல் தொடங்கிய இதழியல் கல்விக்கூடம், 1935இல் பட்டப்பின் கல்விக்கே உரியதாக மாறியது. பிரித்தானியாவில் இத்தகைய கற்கையைக் கார்டிஃப் பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கியது. சென்னையில் 2000 முதல் இயங்கும் ஆசிய இதழியல் கல்லூரி, இதே அமைப்பைத் தமிழ்பேசும் உலகுக்கு அருகே கொண்டுவந்தது.

இக்கல்வியின் தலையாய வலிமை, அறிந்ததைச் சான்றாக மாற்றும் முறையைக் கற்பிப்பதாகும். குடாநாட்டிலுள்ள வலிகாமம் வடக்கின் காணிப் பிரச்சினையை இதற்கு எடுத்துக்காட்டலாம். 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்டவற்றை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் 2013இல் வெளியானபோது, உரிமையாளர்களின் கண்ணீரும் அரசியல்வாதிகளின் கண்டனமும் உள்ளூர்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெற்றன. அவை தேவையான பதிவுகளே. ஆயினும் தொலைவிலுள்ள வாசகர் ஒருவரை நம்பவைக்க, காணி உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், வெவ்வேறு ஆண்டுகளின் செய்மதிப் படங்களில் வீடுகளும் தோட்டங்களும் மறைந்த இடங்களைக் குறித்துக்கொள்வதும், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து உரிய திணைக்களத்தின் பதிலை எழுத்தில் பெறுவதும், இராணுவத் தரப்பின் விளக்கத்தைக் கேட்டு உரிய இடத்தில் சேர்ப்பதும் வேண்டும். நாளாந்த அவசரத்தில் இயங்கும் செய்தி அறை இவற்றுக்கு அவகாசம் தருவதில்லை, வகுப்பறை தருகிறது. ஆங்கிலத்தில் இறுக்கமாக எழுதும் பழக்கம், பயிற்சிக்காலப் பணியிடங்கள், ஆசிரியர்களோடும் சக மாணவர்களோடும் ஏற்படும் தொடர்புகள் ஆகியவையும் உலகச் செய்தி அறையின் கதவைத் திறக்க உதவுவன.

ஆயினும் யாழ்ப்பாணத்தின் வரலாறு, பட்டமே தகுதி என்னும் கருத்தை ஏற்பதாக இல்லை. 1982இல் எஸ். சிவநாயகத்தை ஆசிரியராகக் கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய சற்றர்டே ரிவியூ என்னும் ஆங்கில வார இதழ், மறு ஆண்டே அரசினால் தடைசெய்யப்படும் அளவுக்கு இம்மண்ணின் குரலை வெளியே கொண்டு சென்றது. போர்க்காலத்தில் வெளியூர்ச் செய்தியாளர்கள் எளிதில் நுழைய முடியாதிருந்த குடாநாட்டிலிருந்து பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19 அன்று ஊரடங்கு வேளையில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். உலக நிறுவனம் அவரை நம்பியிருந்தது, அவர் மக்களோடு மக்களாக வாழ்ந்து, கேட்டதைச் சரிபார்த்துச் சொல்லக்கூடியவராக இருந்தமையினாலேயே. அந்த அறிவையும் துணிவையும் எந்தப் பாடத்திட்டமும் வழங்கிவிட முடியாது.

இக்கல்வியின் குறைகளில் முதன்மையானது, அது யாருக்கு எட்டுகிறது என்பதாகும். தமிழ்மொழி மூலம் கற்றவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோரும் உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சியை எட்டுவது கடினம். கல்விக் கட்டணமோ, எழுதும் செய்திக்கு ஏற்பக் கூலி பெறும் பிரதேசச் செய்தியாளருக்குக் கனவிலும் எட்டாதது. எஞ்சும் வழி புலமைப்பரிசிலே. பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில், இரண்டாண்டுப் பணி அனுபவத்தைக் கோருவதோடு, கற்றபின் தாய்நாட்டில் இரண்டாண்டுகள் இருக்கவும் நிபந்தனை விதிக்கிறது. அறிவு நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நன்னோக்கமே. ஆனால் திரும்பி வருபவரின் புதிய திறனுக்கு இடமும் ஊதியமும் தரும் செய்தி அறை இங்கு இல்லையெனில், அவர் தொண்டு நிறுவனமொன்றின் தொடர்பாடல் அலுவலராவதே எளிதாகிவிடுகிறது. இன்னொரு குறை பார்வை பற்றியது. உலகச் செய்தி அறைகள் யாழ்ப்பாணத்தைப் போரின் எச்சமாகவே நோக்கப் பழகியவை என்பதால், அங்கே பயில்பவரும் நிலத்தடி நீர் உவராதலையும் வடகடல் மீனவரின் வாழ்வாதாரத்தையும் ஒதுக்கி, எதிர்பார்க்கப்படும் துயரக் கதைகளையே எழுதத் தலைப்படும் ஆபத்து உண்டு.

இவற்றைச் சீர்தூக்கினால், கல்வியின் பயன் அது எப்போது பெறப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பது தெளிவாகும். பட்டம் வழங்காமல், அனுபவமுள்ள செய்தியாளருக்கு ஓராண்டு கற்கும் வாய்ப்பைத் தரும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் நீமன் புலமைத்திட்டத்துக்கு இலங்கைத் தமிழ் ஊடகவியலாளர்களான டி.பி.எஸ். ஜெயராஜ், ஜே.எஸ். திசைநாயகம் ஆகியோர் சென்றது, களத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்த பின்னரே. முதற்பட்டம் முடித்த கையோடு செல்பவர் முறையைக் கற்கிறார், அதைச் செலுத்துவதற்குரிய பொருளின்றித் தவிக்கிறார். களத்தில் தேர்ந்த பின் செல்பவரோ தம்மிடமுள்ள பொருளுக்கு முறையைப் பெற்றுத் திரும்புகிறார். ஆகவே இளையோர் சில ஆண்டுகளேனும் ஊர்ச் செய்தியில் உழைத்துவிட்டு விண்ணப்பிப்பதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆவண ஆய்வையும் ஆங்கிலச் செய்தி எழுத்தையும் பணியிலுள்ள செய்தியாளருக்கு மாலைநேரக் கற்கையாக வழங்குவதும், பத்திரிகை நிறுவனங்கள் கற்றுத் திரும்புவோருக்குப் புலனாய்வுப் பணியிடங்களை ஒதுக்குவதும் ஒருங்கே நிகழ வேண்டும். அவ்வாறு நிகழ்ந்தால்தான் இக்கல்வி தனியொருவரின் உயர்வோடு நின்றுவிடாமல், குடாநாட்டின் உண்மைகளை அதன் மக்களே உலகுக்குச் சொல்லும் ஆற்றலாக வளரும்.