‘மே/பா’ என்னும் முகவரி: மட்டக்களப்பு இலக்கியமும் வந்துசேர்ந்தோரும்

ஈழத்து இலக்கிய விமர்சனத்தில் ‘மண்வாசனை’ என்னுஞ் சொல் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஓர் அளவுகோலாக வழங்கி வந்துள்ளது. தேசிய இலக்கியம் பற்றிய வாதங்கள் எழுந்த காலத்தில், தமிழகச் சஞ்சிகைக் கதைகளின் போலிகளை விலக்கி, இந்நாட்டு மக்களின் வாழ்வையும் பேச்சையும் எழுத்துக்குள் கொணர்வதற்கு அச்சொல் பெரிதும் உதவிற்று. அதன் வரலாற்றுப் பணியை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வளவுகோல் தனக்குள் ஓர் எடுகோளைக் கொண்டுள்ளது. மண்ணில் வேரூன்றியவனே இலக்கியத்துக்குரிய மனிதன் என்பது அந்த எடுகோள். நேற்று வந்திறங்கி, ஓலைக்கொட்டில் போட இடம் தேடி நிற்பவனுக்கு எந்த மண்ணின் வாசனை வீசும்? இக்கேள்வியை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஆராய முற்படுகின்றோம். வந்துசேர்ந்தோரின் கதைகளாற் கட்டப்பட்ட ஒரு பிரதேசத்தின் நவீன இலக்கியம், வந்துசேர்ந்தோரைக் காணத் தவறியமை தற்செயலானதன்று என்பதே எமது கருத்து.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி, இப்பிரதேசத்தை எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் பிரித்து நிற்கின்றது. இங்கு ஒருவனுடைய இருப்பிடம் முதலில் நீரை வைத்தே சொல்லப்படும். அடுத்து வருவது குடி. தாய்வழியாக வரும் குடி, மணவுறவையும் கோயில் உரிமையையும், முன்னாளில் நிலவுரிமையையும் வரையறுத்தது. கோயில் வண்ணக்கர் குடிவழியில் வந்தார். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவழியிலேயே வந்தார். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டென்னிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இவ்வமைப்பின் நுட்பங்களைத் தெளிவுபடுத்தியுள்ளது. எமது நோக்கிற்கு வேண்டியது ஒன்றே: தபாற்கந்தோர் இலக்கம் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே இச்சமுதாயம் தன் மக்களுக்கு ஒரு முகவரியை வழங்கியிருந்தது. “நீ ஆருட பிள்ளை?” என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவன் வீடற்றவனாயினும் முகவரியற்றவனல்லன்.

இனி, அக்குடிகளின் தோற்றம் பற்றிய கதைகளை நோக்குவோம். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகிய இரண்டும் பேணித்தரும் மரபுகளில் வருகை பற்றியவை மிகப் பல. கலிங்கத்திலிருந்து வந்தோர், சோழநாட்டிலிருந்து வந்தோர், மலையாளக் கரையிலிருந்து வந்தோர் என அவை விரியும். சீர்பாதர் மரபு இவற்றுட் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சோழநாட்டுச் சீர்பாததேவி வந்த கப்பல் நடுக்கடலிற் தடைப்படுகிறது. கடலடியில் விநாயகர் திருவுரு கிடைக்கிறது. கப்பல் எவ்விடத்தில் தட்டுகிறதோ அவ்விடத்திற் கோயில் எடுப்பதாக வேண்டுதல் செய்யப்படுகிறது. கப்பல் வாவிவழியே வந்து வீரமுனையில் தட்டுகிறது. சேருமிடம் இன்னதென்று அறியாத பயணமே இங்கு உரிமையின் தோற்றுவாயாகப் போற்றப்படுகிறது. அந்தப் பிள்ளையாருக்கு வழங்கும் பெயரிலும் ‘யாத்திரை’ என்ற சொல் உண்டு.

திமிலர், முக்குவர் போர் பற்றிய கதையும் இத்தகையதே. முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியருக்குப் பெண்கொடுத்து ஏறாவூர்ப் பக்கத்தில் அவர்களை இருத்தியதாக மரபு சொல்லும். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடிமுறை ஒத்திருப்பதற்கு மக்கள் தரும் விளக்கம் இது. திமிலரைத் துரத்திச் சென்றவர்கள் வந்து ஆறிய இடமே வந்தாறுமூலை என்பர். ஊர்ப்பெயர் விளக்கங்கள் வரலாற்றுச் சான்றாகா என்பதை நாம் அறிவோம். ஆனால் அவை ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன எண்ணியது என்பதற்குச் சான்றாகும். வந்தவர்கள் ஆறியிருந்தார்கள், பெண் கொடுக்கப்பட்டது, குடி உண்டாயிற்று; இதுவே அக்கதைகளின் பொது அமைப்பு. துரத்தப்பட்ட திமிலர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை இம்மரபில் இடம்பெறவில்லை என்பதையும் உடன்கருதுதல் வேண்டும். பிரதேச மான்மியங்கள் எங்கும் தங்கியவர்களால் எழுதப்பட்டவையே.

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் சொல்லிவந்த பேச்சு. வணிகனாகவோ ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ கிழக்கே வந்த இளைஞன் ஊர் திரும்பாமற் போவதற்கு மந்திரமும் வசிய மருந்துமே காரணமென்று அது விளக்கந் தருகிறது. இப்பேச்சின் இளக்காரம் பற்றி ஏற்கெனவே பலர் கண்டித்துள்ளனர். அதன் சமூகவியல் உள்ளடக்கம் அத்துணை கவனம் பெறவில்லை. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்ந்து, மாப்பிள்ளை பெண்வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கமுள்ள சமுதாயத்தில், தனியனாக வந்த ஆடவன் மணவழியாக ஒரே நாளில் வீடும் அயலும் உறவும் பெறுகின்றான். அவனுடைய பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். அந்நியன் என்ற நிலை ஒரு தலைமுறையுடன் நீங்கிவிடுகின்றது. யாழ்ப்பாணத்து விளக்கம் மந்திரம் என்று பெயரிட்டது இந்தத் தாய்வழிச் சேர்ப்புமுறையைத்தான். மந்திரத்தில் எமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் இந்தப் பாய் நல்ல பாயென்றே சொல்வோம்.

ஆயின் இப்பாயில் இடம் யாருக்கு? தனித்து வந்த ஆணுக்கு மட்டுமே. மனைவி மக்களோடு, தாய் தந்தையரோடு, ஒரு குடும்பமாக வந்து நிற்பவர்களுக்குக் குடிமுறையில் நுழைவாயில் இல்லை. மலையகத் தமிழரின் வருகை இவ்வாறானது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டும் என்று விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வதிவை எதைக்கொண்டு நிறுவுவது? லயத்துக் காம்பிராவுக்கு இலக்கமோ உறுதியோ இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். துரையும் கணக்கப்பிள்ளையும் இசைந்தால் உரியவரைச் சேரும். நூற்றாண்டுக்கு மேல் ஓரிடத்தில் உழைத்த பரம்பரை, அரசின் கண்ணில் ‘மேற்பார்த்து’ அனுப்பவேண்டிய பரம்பரையாகவே இருந்தது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாளைய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இலேயே முடிவாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் பணிகளுக்குப் புறம்பாகவே வைத்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது.

தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட 1972-75 காலப்பகுதியின் குழப்பமும் 1973-74இன் பட்டினியும், பின்னர் 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களும் அம்மக்களை வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் தள்ளின. வவுனியாவில் அவர்களைக் குடியேற்றிய காந்தியம் அமைப்பின் பணி கிழக்கிலும் பரவிற்று. புணானை, வடமுனை, ஊத்துச்சேனைப் பக்கங்களில் காட்டோரக் குடியிருப்புகள் எழுந்தன. வந்தவர்களுக்கு வேலை உடனே கிடைத்தது. சேனை வெட்டவும், வயற்காவலுக்கும், மாடு மேய்க்கவும் போடிமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. முகவரி கிடைக்கவில்லை. கிராம சேவையாளரின் வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் கூப்பன் இல்லை. வாக்காளர் இடாப்பிற் பெயரும் இல்லை. சான்றிதழுக்கோ ஒரு வளவு வேண்டும். உழைப்பு உடனடியாகவும் உரிமை காலந்தாழ்த்தியும் ஏற்கப்படும் இந்த முரண்பாடு மலையகத் தமிழருக்கே உரியதன்று. உலகெங்கணும் புலம்பெயர்ந்த தொழிலாளர் வாழ்வின் அடிப்படை முரண்பாடு இதுவே.

இந்நிலையிற் கடிதங்கள் ‘மே/பா’ என்ற இரண்டெழுத்தின் துணையால் வந்துசேர்ந்தன. மே/பா இன்ன முதலாளி கடை, மே/பா இன்ன போடியார், மே/பா பாடசாலை அதிபர். தெருவோரத்துக் கடைக்காரர் தராசுக்குப் பக்கத்திற் செருகிவைத்த கடிதத்தைப் பெறுவதற்குக் கடன்கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டே தீரவேண்டும். பிறர் பெயரின் நிழலிற் பெறப்படும் முகவரி, பெறுபவனை அப்பிறருக்குக் கட்டுப்பட்டவனாக்குகிறது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் இடத்துக்கு இங்கு போடியாரோ முதலாளியோ வந்துவிடுகிறார் என்பதை எளிதில் உணரலாம்.

அரசு நினைத்தால் முகவரி வழங்குவது கடினமான காரியமன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், காட்டை அழித்து ஊர்களை இலக்கமிட்டே உண்டாக்கிற்று. மண்டூருக்கு அப்பால் ‘40ஆம் கொலனி’ என்பது இன்றும் வழங்கும் பெயர். வந்திறங்கிய நாளிலேயே குடியேற்றவாசிக்குக் கொலனி இலக்கமும் காணித்துண்டும் கிடைத்தன. யாருக்கு இலக்கம், யாருக்கு மே/பா என்பது நிலப்பங்கீட்டின் அரசியலைச் சார்ந்தது. 1983இல் மதுறு ஓயாப் பகுதியின் குடியேற்றப் பிணக்கு அதனை வெளிப்படையாகவே காட்டிற்று.

இலக்கியத்துக்கு வருவோம். இந்நிலையை நேர்நின்று நோக்கிய படைப்பாளி சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலானோரின் பெயர்கள் 1952 தேர்தல் இடாப்பில் இல்லை. 1981இல் நூலாக வந்த அவரது ‘வீடற்றவன்’, தொழிற்சங்க முயற்சியில் ஈடுபட்ட தொழிலாளி தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்படுவதைக் காட்டுகிறது. வேலை போனால் காம்பிராவும் போகும். காம்பிரா போனால் உறவும் ஊரும் போகும் என்ற பிணைப்பை அந்நாவல் பிரசாரமின்றி உணர்த்துகிறது. ஆனால் அது வெளியேற்றத்தின் நாவல். வெளியேறியவன் போய்ச் சேர்ந்த இடத்தின் நாவலை மலையக எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்த்தல் முறையன்று. அது சேர்ந்த இடத்தவர் எழுதவேண்டியது.

மட்டக்களப்பின் நவீன புனைகதையிலும் கவிதையிலும் போடியார், முல்லைக்காரர், மீனவர், ஏழைப் பெண் எனப் பல மாந்தர் உயிர்பெற்றுள்ளனர். 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும், 1990இன் படுகொலைகளும், 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் கவிஞர்களைப் பேசவைத்தன. 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகமே அகதிமுகாமாயிற்று. செப்ரெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். வந்து ஆறிய மூலை என்ற பெயரின் கொடுமையை எழுத்தாளர்கள் உணராமலில்லை. ஆயினும் இவை யாவும் உள்ளூரவன் வீடிழந்த கதைகள். வீடில்லாமல் வெளியிலிருந்து வந்தவன் தன் குரலில் தன் கதையைச் சொல்லும் எழுத்து மிக அருகியே காணப்படுகிறது. வரும்போதும் அவன் இரக்கத்துக்குரிய துணைப்பாத்திரமாகவே வருகிறான். தோட்டத்துப் பேச்சின் சாயல் ஓரிரு சொற்களால் ஒட்டப்பட்டிருக்கும். விமர்சகர்களும், ‘மட்டக்களப்பு மண்வாசனை கமழ்கிறது’ என்று பாராட்டுவதற்கு வசதியான கதைகளையே தொகுப்புகளுக்குத் தெரிவு செய்தனர்.

அவர்கள் தொகை சிறிது, பிரதேசத்தின் வகைமாதிரியாக அவர்களைக் கொள்ளவியலாது என்று கூறப்படலாம். வகைமாதிரி என்பது தலைகளை எண்ணிப் பெறுவதன்று. ஒரு சமுதாயத்தின் உறவுகள் எந்த இடத்தில் வெடிப்பு விடுகின்றனவோ அந்த இடத்தில் நிற்பவனே அதன் வகைமாதிரியாகலாம். சாதியும் குடியும் நிலமும் சட்டமும் ஒருங்கே சந்திக்கும் இடத்தில், சான்றிதழுக்காகக் காத்துநிற்கும் புணானைத் தாயை விடப் பொருத்தமான பாத்திரம் யார்? மான்மியம் எழுதியவர்களுக்குக் கப்பலில் வந்தவள் காவிய நாயகியானாள். லொறியில் வந்தவளுக்கு நாம் ஏன் அவ்விடத்தை மறுக்கிறோம் என்பதை விமர்சனம் விளக்கியாக வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைச் சட்டவடிவிற் பெரும்பாலும் தீர்த்துவைத்தது. அதற்கு முற்பட்ட அரைநூற்றாண்டின் எழுத்துச் சான்று நாவல்களில் இல்லாவிடினும் வேறோரிடத்தில் உண்டு. ஒல்லாந்தர் கோட்டைக்குள் கச்சேரி இயங்கிய காலத்தில் எழுதப்பட்ட மனுக்களைக் கருதுகின்றோம். மனு எழுதுபவர் கேட்டு எழுத, பெருவிரல் ஒற்றப்பட்ட அந்தத் தாள்களில் வந்த வழி, இழந்த உறவு, செய்த வேலை, வேண்டும் காணி யாவும் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கும். நாட்டார் பாடல்களைத் தேடி ஊரூராகச் சென்ற எமது ஆய்வாளர்கள் இவற்றையும், கடைகளிலும் பெட்டகங்களிலும் எஞ்சியுள்ள கடிதங்களையும் இலக்கியப் பனுவல்களாகக் கொண்டு தொகுத்தல் வேண்டும். தொகுப்போர் மனுவின் உடலை மாத்திரம் படியெடுத்து, வலப்பக்க மேல்மூலையை விட்டுவிடலாகாது. பாலத்தடி, இன்னாருடைய வளவு, வாய்க்காற் கட்டு எனத் தாங்கள் இருந்த இடத்தை அவர்கள் தமது சொற்களிற் கூறியிருப்பது அங்கேதான்.