கைகோத்து நிற்பவர்கள்

கபடியில் பாடிப் போகிறவரைத்தான் கூட்டம் பார்க்கும். என் கண் எப்போதும் கைகோத்து நிற்பவர்கள் மேல்தான். ஒரு கை நழுவினால் பிடி போய்விடும். இசைக்குழுவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர் ஒரே மாதிரி கோட் போட்டு மேடையேறினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இப்போதெல்லாம் புதுக் குழு ஒன்று முதல் பாட்டை இணையத்தில் விட்டு, அது ஓடினால்தான் ஊர் ஊராகக் கிளம்புகிறது. இவர்களுக்கு அறிமுகமே மேடைதான். வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லாத இடம்.

பதிவுகளைப் பலமுறை பார்த்துவிட்டேன். இவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் சாதாரணமானதல்ல. கானா பாடுகிறவர் தாளத்துக்கு அடங்கிப் பாட மாட்டார். சொல்லை இழுப்பார், சட்டென நிறுத்துவார்; தாளம்தான் அவரைத் தேடி வரவேண்டும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகிய சுதந்திரம் அது. அவருக்குப் பின்னால் டிரம்ஸையும் கிதாரையும் வைத்தால் தாளம் இறுகி, கானா மூச்சுத் திணறும். இங்கே அதைக் காப்பாற்றுவது சட்டி, கட்டமோளம் என்ற இரண்டு தோற்கருவிகள். டிரம்ஸ் நேர்த்தாளத்தைப் பிடித்துக்கொள்ள, சட்டியின் கூர்மையான ஓசை பாடுகிறவரோடு போகிறது. அடியில் கட்டமோளம் தரை போல நிற்கிறது. கைகோத்தல் என்று நான் சொல்வது இதைத்தான்.

குழுவில் ராப் பாடும் அறிவின் வரிகளில் சொற்கள் நெருக்கமாக விழும். வரி முடிகிற இடத்தை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளும்போது அவருக்கு மூச்சு கிடைக்கிறது. குழுவில் அன்று ஒரே பெண் இசைவாணி. ஆண்கள் கோலோச்சிய கானாவில் அவர் குரல் எழும்போது பாட்டின் உயரமே மாறுகிறது. 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்ததில் எனக்கு வியப்பில்லை. குறை என்றால், கிதார் உச்சத்துக்குப் போகும் இடங்களில் சொல் அமுங்குகிறது. சொல்லுக்காகவே எழுதிய பாட்டில் அது கைக்கு வந்த கேட்சை விட்டதற்குச் சமம்.

இதை அந்தமானில், மின்னி பேயில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த முதல் மேடை நடந்தபோது எங்கள் தீவுகளுக்குச் செயற்கைக்கோள் இணையம்தான். ஒரு வீடியோ ஓடத் தொடங்குவதற்குள் டீ ஆறிவிடும். சென்னையிலிருந்து கப்பலில் வருகிறவர்களிடம் பென் டிரைவில் பாட்டு வாங்கிக் கேட்டவர்கள் நாங்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதன் பிறகு, மறு ஆண்டு மார்ச்சில் அறிவும் பாடகி தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, சென்னைக்காரர்கள் கேட்ட அன்றே நாங்களும் கேட்டோம்.

பாட்டு வந்துவிட்டது. குழுக்கள் வரவில்லை. தமிழ் சுயாதீனக் குழுக்களின் சுற்றுப்பயணம் சென்னை, பெங்களூரு என்று போய்க் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான், ஆனால் 19 பேருக்கும் கருவிகளுக்கும் டிக்கெட் போட்டால் எந்தச் சின்னக் குழுவும் தாங்காது. கப்பல் என்றால் போக மூன்று நாள், வர மூன்று நாள். கோயில் திருவிழாக்களுக்கு ஊரே வசூல் செய்து மேளக்காரர்களை வரவழைக்கத் தெரிந்த தமிழர்கள் இங்கே இருக்கிறோம். முதல் பாட்டோடு கிளம்பும் ஒரு குழுவுக்கும் அந்த வசூல் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கே உப்புக் காற்று மேளத் தோலைச் சீக்கிரம் தளர்த்திவிடும். போன திருவிழாவில் பறை அடிக்க வந்த தம்பி ஒருவர், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஓடிப்போய், மைதான ஓரத்தில் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்று மறுபடி தீயில் காட்டினார். ஓலை இங்கே வேண்டிய மட்டும் கிடைக்கும்.